கேட்டில் காட்டிய புருஷன்

இப்போதெல்லாம் ஒரு படத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பற்றிப் போனில் விசாரணை நடத்தி விடுகிறார்கள். எத்தனை கொலை, எத்தனை சிகரெட், யார் யாரைத் தொடுகிறார்கள், எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம், எந்த வயதுப் பிள்ளை பார்த்தால் தூக்கத்தில் அலறும், எல்லாவற்றையும் எவனோ எழுதி வைத்திருக்கிறான். எழுதினவன் யார், அவனுக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று எவரும் கேட்பதில்லை. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் இதை மட்டும் அப்படியே நம்புகிறார்கள். நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தப் போன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என் வீட்டில் ஐம்பது வருஷமாக மூடிக்கிடந்த ஒரு சமாசாரம் மூடியே கிடந்திருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆரம்பித்து வைத்தது என் மருமகள் பிரபாவதி. கோலியனூர் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கையால் உரித்தாள். இன்னொரு கையில் போன்.

“அத்த, நீலவேணி கிளப் படத்த திரும்ப வுட்டுருக்காங்களாம். கழுவி, கலரெல்லாம் ஏத்தி புதுசு மாதிரி பண்ணிக்கிறாங்க. திண்டிவனத்துல ஓடுது. உங்க ஊராச்சே. ஞாயித்துக்கிழமை போலாமா?”

அம்சா என் பெண்டாட்டி. திண்டிவனத்துக்காரி. மருமகள் அப்படிச் சொன்னதும் அவள் கை மல்லாட்டையை விட்டுவிட்டது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூத்த மகன் பிறந்தபோது வந்த வெளிச்சம் மாதிரி இருந்தது. ஒரு சினிமாப் பேருக்கு அது வருவானேன் என்று அப்போதே நினைத்தேன்.

“நானும் வர்றேன்,” என்றாள் பேத்தி சங்கவி. அவள் ஆறாவது படிக்கிறாள்.

“இரு, இன்னா போட்டிருக்குதுன்னு பார்க்கறேன்.” பிரபாவதி போனைத் தேய்த்தாள். “பதினாறு பிளஸ். நீ இல்ல.”

“அம்மா கூட இருந்தா பார்க்கலாம். எங்க மிஸ் சொன்னாங்க.”

“அம்மா யோசிச்சு முடிவு பண்ணணும்னு போட்டிருக்குது. யோசிச்சிட்டேன். நீ இல்ல.” பிறகு எங்களுக்காக வாய்விட்டுப் படித்தாள். “வன்முறை, மிதம். பயமுறுத்தும் காட்சிகள், மிதம். மது, புகை, அதிகம். கவர்ச்சி நடனம், ஒரு இடத்தில்.”

“மிதம்னா எத்தனி குத்து?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் போடல மாமா.”

“அப்புறம் இன்னாத்த எழுதினான்.”

“மொத மொத வந்தப்போ ஏ சர்டிபிகேட்டாம். பதினெட்டு வயசு ஆவாதவங்கள தியேட்டருக்குள்ளயே வுட மாட்டாங்களாம். இப்போ பதினாறா கொறச்சிருக்காங்க.”

அம்சா சிரித்தாள். “எங்க வுட்டான். கேட்டுல நிக்கிறவன் ஒவ்வொருத்தர் மொகத்தையும் டார்ச் அடிக்கிற மாதிரி பார்ப்பான். அப்டியும் நான் ரெண்டு வாட்டி போயி பார்த்துட்டேன்.”

எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸ். ஆனால் விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் முப்பத்தி நாலு வருஷம் மூட்டை தூக்கினவன். கூட்டல் கழித்தலில் என்னை ஏமாற்ற முடியாது. படம் வந்து ஐம்பத்தி மூணு வருஷம் என்று போன் சொல்லியது. எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐம்பது. கல்யாணத்தின்போது அவளுக்குப் பதினெட்டு. அப்படியானால் படம் பார்த்தபோது பதினைந்து.

“உன்ன எப்டி வுட்டான்?” என்றேன்.

அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணிடம் வயசுச் சீட்டு இருந்தது? கேட்டுக்காரன் துணியைப் பார்த்து வயசைக் கணிப்பானாம். பாவாடை தாவணி என்றால் திருப்பி அனுப்புவான். புடவை கட்டி, கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தால் உள்ளே விடுவான். கல்யாணம் ஆனவளிடம் வயசு கேட்கக்கூடாது என்று அவனுக்கு ஒரு கணக்கு. அடுத்த வீட்டு அருணா இதைக் கண்டுபிடித்துவந்து சொன்னாளாம். அம்சா அண்ணிக்காரியின் புடவையைச் சுற்றிக்கொண்டு, ஒரு நூலில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

“கயிற காட்டினா போதுமா அத்த?” பிரபாவதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“படம் வந்த மொத நாளு மட்டும் அது போதும்னு இருந்துச்சாம். ஊருல இருக்கிற குட்டிங்க எல்லாம் மஞ்சள் கட்டிக்கினு வந்துட்டா அவன் இன்னா பண்ணுவான். புருசன் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சான்.”

“நீ இன்னா சொன்னே?” என்றாள் சங்கவி.

“அதோன்னு கைய காட்டினேன்.”

“யார?” இதைக் கேட்டது நான்.

“யாரையோ.” ஒரு மல்லாட்டையை அழுத்தினாள். “பாட்டு புஸ்தகம் விக்கிறவரு. கேட்டாண்டயே நின்னுக்கினு இருப்பாரு.”

பேத்தி, மருமகள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து போய் முகம் கழுவினேன். கேட்டில் நின்றவன் ‘நிக்கிறவன்’. புத்தகம் விற்றவன் மட்டும் ‘விக்கிறவரு’. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது காதிலேயே இருந்தது.

எழுபத்தி நாலு வயசில் இது என்ன கூத்து என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். மாரியம்மன் கோயிலில் நாலு பேர் முன்னால் நான் கயிறு கட்டினபோது, இந்தக் கழுத்தில் முதல் கயிறு நான் கட்டுவது என்றுதான் நினைத்தேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, “சினிமா எல்லாம் பார்ப்பியா,” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. கேட்டுக்காரன் கேட்டபோது, அங்கே நின்றவர்களில் கைக்குக் கிடைத்த ஒருவனைக் காட்டினாளா, அல்லது இவன் புருஷனாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து ஒருவனைக் காட்டினாளா. முதலாவது என்றால் ஒன்றுமில்லை, சின்னப் பெண் விளையாட்டு. இரண்டாவது என்றால், அவள் காட்டிய ஆளுக்கு அடுத்தபடியாக வந்தவன் நான்.

சனிக்கிழமை கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

“அந்தாளு இன்னா பண்ணான்?”

“எந்தாளு?”

“நீ கைய காட்டின ஆளு.”

“தலைய ஆட்டினாரு. அவ்ளோதான். கேட்டுக்காரன் போ போன்னுட்டான்.”

“முன்ன பின்ன தெரியாத குட்டி கைய காட்டினா ஒருத்தன் ஆட்டிடுவானா?”

“உன்ன காட்டியிருந்தா நீ ஆட்டியிருக்க மாட்டியா?”

ஆட்டியிருப்பேன். இரண்டு தடவை ஆட்டியிருப்பேன்.

“ரெண்டாவது வாட்டி யார காட்டின?”

“அன்னிக்கும் அவருதான் நின்னாரு.” வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். “கூழக் குடிய்யா. அம்பது வருசம் கழிச்சு கேட்டுல நின்னுக்கினு கேக்கற.”

நான் படத்துக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தெருவில் நின்றேன். பேத்தியை அவள் அப்பனிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் விழுப்புரம் போய் அங்கிருந்து திண்டிவனம் பஸ் ஏறினோம். அம்சா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் வாய்க்குள் ஏதோ பாட்டு. அவள் சமைக்கும்போது, துணி துவைக்கும்போது முணுமுணுக்கிற பாட்டுகள்தான். இத்தனை வருஷம் எதுவோ சாமி பாட்டு என்று விட்டிருந்தேன்.

தியேட்டர் வாசலில் பெரிய தட்டியில் பதினாறு பிளஸ் என்று வட்டம் போட்டு எழுதியிருந்தது. கேட்டில் நின்ற பெண்பிள்ளை எங்கள் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிரபாவதி போனை நீட்டினாள், அவள் தன் கருவியை நீட்டினாள், டிங் என்றது. பத்து வயசுப் பையன்கள் நாலு பேர் எங்களுக்கு முன்னால் உள்ளே போனார்கள். அவர்களையும் டிங் என்று விட்டாள். வட்டம் போட்டு எழுதினதோடு அவர்கள் கடமை முடிந்தது.

அம்சா கேட் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். இடது கைப் பக்கம் ஒரு தூண் இருந்தது. அதைப் பார்த்தாள். அங்கே இப்போது ஐஸ்கிரீம் பெட்டிதான் நின்றுகொண்டிருந்தது.

“இங்கதான் நின்னானா?” என்றேன்.

“ஜல்தி வாய்யா, பேரு போட்ருவான்,” என்றாள்.

படம் ஆரம்பிக்கும்போதே திரையில் ஒரு சீட்டு வந்தது. இதில் கொலை உண்டு, குடி உண்டு, புகை உண்டு, இவற்றை யாரும் ஆதரிக்கவில்லை என்று. அப்புறம் எவன் சிகரெட் எடுத்தாலும் ஓரத்தில் புற்றுநோய் என்று எழுத்து வந்தது. படத்தில் எல்லோரும் சிகரெட் பிடித்தார்கள். வில்லன், இன்ஸ்பெக்டர், டாக்டர் உள்பட. அதனால் அந்த எழுத்து போகவே இல்லை. நீலவேணி என்று ஒருத்தி ராத்திரி கிளப்பில் பாடுகிறவள். அவள் ஒரு பாட்டுப் பாடி முடித்தால் பார்க்க வந்தவர்களில் ஒருவன் செத்துக்கிடப்பான். யார் செய்கிறார்கள் என்று கடைசியில் தெரியும். கதை மோசமில்லை. கத்திக்குத்தும் ரத்தமும் கூழில் மோர் விட்ட மாதிரி லேசாகத்தான் இருந்தன. கவர்ச்சி நடனம் என்று எழுதியிருந்தானே, அதில் ஆடினவள் என் மருமகளைவிட அதிகமாகத் துணி போட்டிருந்தாள்.

நான் படத்தை அதிகம் பார்க்கவில்லை. அம்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் உதடு அசைந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை. நேற்று வைத்த பாத்திரம் எங்கே என்று கேட்டால் தெரியாதவள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவள் சொன்னாள். “ஒரு பாட்டு காணோம் பிரபா.”

“எந்தப் பாட்டு அத்த? ஆறு பாட்டு, ஆறு கொல. நான் எண்ணினேன்.”

“ஏழு. அதுல யாரும் சாவ மாட்டாங்க.” டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பாடினாள். “விளக்கைச் சின்னதாய் வைக்கட்டுமா…” அங்கே நிறுத்தி, மூக்குக்குள் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்து, “வேறொரு சேதி சொல்லட்டுமா…”

அறுபத்தெட்டு வயசுக் கிழவி ரோட்டோரத்தில் நின்று அப்படிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எனக்கு முன்னால் அவள் சிரித்ததே இல்லை.

பிரபாவதி போனைத் தேய்த்தாள். படித்துவிட்டு, “அட ஆமா அத்த. அது புருசன் பொண்டாட்டி பாட்டாம், குளிக்கிற ரூமுல எடுத்ததாம். ரொம்ப மோசம்னு சென்சாருல வெட்டிட்டாங்களாம். படம் வர்றதுக்கு முன்னாடியே. எந்தத் தியேட்டருலயும் ஒரு நாளு கூட ஓடலயாம்,” என்றாள்.

ஆறு கொலையை விட்டுவிட்டுப் புருஷன் பெண்டாட்டி பாட்டை வெட்டியிருக்கிறார்கள். அது அவர்கள் புத்தி, இருக்கட்டும். எனக்கு உறைத்தது வேறு. ஒரு நாளும் ஓடாத பாட்டை இவள் எங்கே கேட்டாள்?

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரபாவதி எங்களுக்கு முன் சீட்டு.

“அந்தப் பாட்டு உனக்கு எப்டித் தெரியும்?”

“புஸ்தகத்துல இருந்துச்சு. படத்துல இல்லாட்டியும் பாட்டு புஸ்தகத்துல அடிச்சிட்டாங்க போல.”

“புஸ்தகத்துல வார்த்த இருக்கும். மெட்டு எங்க இருக்கும்?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“யாரோ பாடித்தானே காட்டியிருக்கணும்,” என்றேன்.

“ரேடியோவுல வந்திருக்கும்.”

“வெட்டின பாட்ட ரேடியோவுல போடுவானா?”

“என்னக் கேட்டா? சென்சாருகாரன போயி கேளு.”

பிரபாவதி திரும்பினாள். “மாமா, அம்பது வருசம் ஆச்சு. வுடுங்களேன்.”

“நான் எதயும் புடிக்கவே இல்லயேம்மா, வுடறதுக்கு.”

அம்சா அதற்கப்புறம் கோலியனூர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பாடவும் இல்லை. கோபத்தில் பாடவில்லையா, மாட்டிக்கொண்டதால் பாடவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை, கண் பார்க்க விழுப்புரம் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் போனேன். தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் வயசானவர். அந்தக் காலத்தில் இங்கே பாட்டுப் புத்தகம் விற்றவர் யார் என்று கேட்டேன்.

“சகாயராஜா? பாட்டு புஸ்தகம் சகாயராஜ்னா எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டு எதுக்க ஜெராக்ஸ் கடையில குந்திக்கினு இருப்பாரு. அவரு பையன் கட. ரெண்டும் காயிதந்தானே,” என்று சிரித்தார்.

உயிரோடுதான் இருக்கிறான் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நடந்துபோகும்போது அவன் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு உருவம் பண்ணிக்கொண்டேன். கூன் விழுந்து, கண் மங்கி, யாராவது பிடித்துக்கொண்டால்தான் நடக்கிறவனாக இருந்தால் விசாரிக்காமலேயே திரும்பிவிடலாம்.

கடையில் உட்கார்ந்திருந்தவர் என் வயசு, ஒன்றிரண்டு கூட இருக்கும். தலை நிறைய வெள்ளை முடி, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஜெராக்ஸ் கடையில் உட்காருவதற்கு இஸ்திரி எதற்கு? வாயைத் திறந்தால் எல்லாப் பல்லும் இருந்தது. எனக்கு அடியில் நாலுதான் மிச்சம்.

சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து, ஒரு காப்பி வேண்டும் என்றேன். வாங்கிப் பார்த்தார்.

“விருத்தாசலம். கோலியனூரா? அங்கிருந்து ஜெராக்ஸ் எடுக்க இங்க வந்தீங்களா?”

“படம் பார்க்க வந்தேன். நீலவேணி கிளப்.”

அவ்வளவுதான். மனுஷன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். “குந்துங்க, குந்துங்க. அந்தப் படத்துக்கு நான் வித்த புஸ்தகம் மாதிரி எந்தப் படத்துக்கும் வித்ததில்ல. ஏ படம். ஆனா பொம்பளைங்கதான் அலமோதுனாங்க. பாட்டுக்காக.”

“பதினெட்டு ஆவாம வுட மாட்டாங்களாமே?”

“அது பேச்சு.” குரலைத் தாழ்த்தினார். “கேட்டுல நெடுஞ்செழியன்னு ஒருத்தன் நின்னான். எறந்துட்டான் பாவம். கயிறு கட்டிக்கினு குட்டிங்க வரும். புருசன் எங்கன்னு கேப்பான். அதுங்க என்னக் காட்டும். நான் தலைய ஆட்டுவேன். வுட்ருவான்.”

“அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாம இன்னா. முதலாளிக்கு ஹவுஸ்புல் ஆவணும். நாளைக்கு போலீஸ் வந்து கேட்டா, கேட்டேன் சார், புருசனக் காட்டுச்சு சார்னு சொல்லணும். அவன் கேக்கணும், நான் ஆட்டணும். அது எங்க ரெண்டு பேரு வேல. ஒரு ஆட்டத்துக்கு நாலு பொண்டாட்டி வரும் எனக்கு. படம் தூக்கறதுக்குள்ள நாப்பது தேறியிருக்கும்.” தொடையில் தட்டிக்கொண்டார். “ஒரு நாளு எங்க மாதா கோயில் சாமியாரு அந்த வழியா சைக்கிள்ல வர்றாரு. சரியா அந்த நேரம் பார்த்து ரெண்டு குட்டிங்க ஒண்ணா என்னக் காட்டுதுங்க. நான் ரெண்டுத்துக்கும் ஆட்டறேன். ஞாயித்துக்கிழம பூசையில அவரு என்னப் பார்த்தாரு பாருங்க ஒரு பார்வ.”

எனக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சில் இருந்த மூட்டை ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. நாற்பது பேர் காட்டினார்கள், அதில் ஒருத்தி இவள். கைக்குக் கிடைத்த ஆளைத்தான் காட்டியிருக்கிறாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

“அதுல எந்தப் பொண்ணாச்சும் ஞாபகம் இருக்குதா?” என்று கேட்டுவிட்டேன்.

“மொகத்தயே பார்க்க மாட்டேங்க. கண்ணு புஸ்தகத்து மேலயே இருக்கும். அசந்தா நாலு புஸ்தகத்த எடுத்துக்கினு ஓடிடுவானுங்க.”

இது எனக்கு ஒப்பவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அம்சாவைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் அவர்கள் வீட்டுக் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். நகம் பெயர்ந்துவிட்டது. அது தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்க்காமல் ஒருவன் தலையை மட்டும் ஆட்டினானாம். ஒன்று இவர் பொய் சொல்லவேண்டும், இல்லை இவர் மனுஷனாக இருக்கக்கூடாது.

“தாவாங்கட்டையில ஒரு குழி இருக்கும். செவப்பா, ஒல்லியா,” என்றேன்.

“யாருக்கு?”

“ஒரு பொண்ணுக்கு. ரெண்டு வாட்டி வந்திருக்கா.”

அவர் யோசித்தார். யோசித்தாரா, யோசிக்கிற மாதிரி இருந்தாரா தெரியாது. “இல்லீங்க,” என்றார்.

“படத்துல வெட்டின பாட்டு ஒண்ணு இருக்காமே. வெளக்க சின்னதாய்னு.”

சகாயராஜின் கண்கள் விரிந்தன. “அது உங்களுக்கு எப்டித் தெரியும்? அத வச்சித்தான் நான் யாவாரமே பண்ணேன். ‘படத்தில் இல்லாத பாட்டு, புத்தகத்தில் மட்டும்’னு கூவுவேன். முதலாளி கிட்ட ரெக்கார்டு இருந்துச்சு. அத கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு கேட்டுல நின்னுக்கினு பாடுவேன்.” நான் கேட்காமலேயே பாட ஆரம்பித்தார். வயசான குரல்தான். ஆனால் உடையவில்லை. பத்திரம் காப்பி எடுக்க வந்த ஆள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டான்.

“விளக்கைச் சின்னதாய் வைக்கட்டுமா…” நிறுத்தினார். மூக்குக்குள் சிரித்தார். “வேறொரு சேதி சொல்லட்டுமா…”

அதே இடம். அதே சிரிப்பு.

“நடுவுல எதுக்கு சிரிக்கிறீங்க?” என்றேன். என் குரல் எனக்கே கடுப்பாகக் கேட்டது.

“ரெக்கார்டுல அப்டித்தான். பாடினவங்க அந்த எடத்துல ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. அது வரலன்னா பாட்டே இல்ல.”

“அந்த ரெக்கார்டு இப்போ இருக்குதா?”

“எங்க இருக்கும். எப்பவோ ஒடஞ்சு போச்சு.”

உடையத்தான் செய்யும். இவருக்கு வேண்டிய சாட்சி ஒன்று செத்துப்போயிருக்கிறது, இன்னொன்று உடைந்துபோயிருக்கிறது. கேட்டில் நின்று ஊருக்கே பாடினாராம். அப்படியானால் அந்தப் பாட்டு ஊருக்கே தெரிந்திருக்கவேண்டும். பத்திரக்காரனைப் பார்த்தேன். அவனுக்கும் அறுபத்தைந்து, எழுபது இருக்கும்.

“நீங்க இந்த ஊரா?”

“ஆமாங்க.”

“இந்தப் பாட்டு கேட்டிருக்கீங்களா?”

“இப்பதான் கேக்கறேன். நல்லா இருக்குது.”

சகாயராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியையும் அட்டையையும் சேர்த்து நீட்டினார். நான் பிடித்தேன். அவர் உடனே விடவில்லை.

“வந்ததுலருந்து ஒரு பொண்ணயே விசாரிக்கிறீங்க. உங்க வீட்டுல அவங்களா?”

நான் அட்டையை என் பக்கம் இழுத்தேன்.

“பேரு இன்னா? பேரச் சொன்னா ஒருவேள ஞாபகம் வரும்.”

“மொகம் பார்க்கலன்னீங்க. பேரு எப்டி ஞாபகம் வரும்?”

“நெடுஞ்செழியன் குசும்பு புடிச்சவன். சில நாளு, உன் பொண்டாட்டி பேரு இன்னாடான்னு என்னக் கேப்பான். சொல்லலன்னா மாட்டிக்கும். அதனால வரிசையில நிக்கும்போதே அதுங்களக் கேட்டு வச்சிக்குவேன்.”

ஆக, பேசியிருக்கிறார்கள். தலையை ஆட்டினார், அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். இவர் பேர் கேட்டேன் என்கிறார். முகம் பார்க்காமல் எவன் பேர் கேட்பான்?

ஒரே ஒரு வார்த்தை. அம்சா என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்த்தால் போதும், எனக்குத் தெரியவேண்டியது அந்தக் கண்ணில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். அவரும் காத்துக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, கேட்பதற்குத் தயாராக. அவர் வாயில் அந்தப் பேர் ஒரு தடவை வந்தால், வராதிருந்த இத்தனை வருஷமும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஞாபகம் இல்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கினால் அதையும் என்னால் தாங்கமுடியாது.

“பேரு எதுக்கு,” என்றேன். காப்பியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

“சும்மா கேட்டேன். போயி விசாரிச்சேன்னு சொல்லுங்க அவங்கள.”

“யாரு விசாரிச்சதா?”

“பாட்டு புஸ்தகம் சகாயராஜ்னு சொன்னா தெரியும்.”

எப்படித் தெரியும்? ஐம்பத்தி மூணு வருஷம் கழித்து, தலையை மட்டும் ஆட்டின ஒருவன் பேர் சொன்னால் அவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பி நின்று கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது அவரிடம், எல்லாப் பல்லும் இருக்கிற மாதிரி.

கோர்ட் வாசலில் வெயில் கொளுத்தியது. ஷேர் ஆட்டோக்காரன் பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு என்று கூப்பிட்டான். நான் ஏறவில்லை. நடந்தேன். நாற்பது பேராம். ரெக்கார்டில் சிரிப்பாம். முகமே பார்க்கவில்லையாம். நான் நம்பவில்லை.